தமிழ்த் திரைப்படப் பாடல் காட்சி

தமிழ்த் திரைப்படப் பாடல் காட்சி என்பது, ஒரு திரைப்படத்தின் கதையோட்டத்தினிடையே கதைமாந்தர் பாடியும் ஆடியும் தோன்றும் பகுதியைக் குறிக்கும். முன்னரே ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடலுக்கு ஏற்ப நடிகர்கள் வாயசைப்பதும், நடன இயக்குநர் அமைத்த அசைவுகளை ஆடுவதும் இதன் இன்றைய பொது வடிவம் ஆகும். இக்காட்சி முறையை உருவாக்கியவர்களுள் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதிகளைச் சேர்ந்த நடிகர், இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எனப் பலர் அடங்குவர்.

பின்னணி

இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதும் முத்தமிழ் மரபில், பாட்டின்றிக் கதை நிகழ்த்துவது அரிதாகவே இருந்தது. தெருக்கூத்திலும், சங்கரதாசு சுவாமிகள் போன்றோர் எழுதிய இசை நாடகங்களிலும் கதையின் பெரும்பகுதி பாட்டாலேயே சொல்லப்பட்டது. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் மார்கழி மாதத்துப் பகல்பத்து, இராப்பத்து விழாக்களில் நிகழும் அரையர் சேவையும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. இதில் அரையர்கள் திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களைத் தாளமிட்டு இசைத்து, அவற்றின் பொருளை அபிநயத்தாலும் காட்டுவர். திரைப்படப் பாடல் காட்சி இதிலிருந்து நேரடியாகத் தோன்றியது எனக் கூற இயலாது. எனினும், பாட்டின் பொருளை உடலால் நடித்துக் காட்டும் வழக்கம் மக்களுக்குப் புதியதன்று என்பதை இது உணர்த்துகிறது.

வரலாறு

பேசாப்படக் காலத்தில், திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 ஆம் ஆண்டில் தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படமெறி கருவியை வாங்கி ஊர் ஊராகத் திரையிட்டார். 1931 இல் முதல் இந்தியப் பேசும்படமான 'ஆலம் ஆரா' ஏழு பாடல்களுடன் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தில் டி. பி. ராஜலட்சுமியின் பாடல்களும் நடனங்களும் இடம்பெற்றன.

தொடக்ககாலப் படங்கள் பல, மேடை நாடகங்களைப் பெரும்பாலும் அப்படியே படமாக்கியவை. எனவே பாடல்களும் மிகுதியாக இருந்தன. 1934 இல் வெளியான 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. இப்படத்தில் அறிமுகமான எம். கே. தியாகராஜ பாகவதர் (1910-1959) மாயவரத்தில் பிறந்து திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவர். எஃப். ஜி. நடேச ஐயரின் இரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதில் மேடையேறியவர். 1944 இல் வெளியான இவரது 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அக்காலத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. படப்பிடிப்பின்போதே பாடல் பதிவானதால், ஒலிவாங்கியை விட்டு அகன்று ஆடுவது கடினம். பின்னணிப் பாடல் முறை இத்தடையை நீக்கியது. தமிழில் 'நந்தகுமார்' (1938) படத்தில் இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது. பாடுபவர் வேறு, தோன்றுபவர் வேறு என்றானபின், நல்ல குரல் இல்லாத நடிகர்களும் தேர்ந்த நடனக் கலைஞர்களும் முதன்மை வேடங்களை ஏற்க முடிந்தது. மறுபுறம், பாடும் திறனால் மட்டுமே புகழ்பெற்ற நடிகர்களின் காலம் முடிவுக்கு வந்தது.

1940களின் இறுதியில் நடனம் தனிச் சிறப்புப் பெற்றது. 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதியார் பாடல்களுக்குக் குமாரி கமலா ஆடியதும், 'சந்திரலேகா' (1948) படத்தின் முரசு நடனமும், 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினி, வைஜெயந்திமாலா ஆகியோரின் போட்டி நடனமும் குறிப்பிடத்தக்கவை.

திருச்சிராப்பள்ளிக் கலைஞர்கள்

ஜி. ராமநாதன்: ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தின் அக்கரையில் உள்ள பிச்சாண்டார்கோவிலைச் சேர்ந்தவர். கருநாடக இராகங்களை எளிய மெட்டுகளாக்கித் திரைக்குத் தந்தவர்களுள் முதன்மையானவர். 1963 இல் காலமானார்.

திருச்சி லோகநாதன் (1924-1989): தொடக்ககாலப் பின்னணிப் பாடகர்களுள் ஒருவர். ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' (1950) படத்தில் இவரும் ஜிக்கியும் பாடிய பாடல் புகழ்பெற்றது. மனைவியைக் கொல்ல எண்ணி, அன்பாகப் பேசி மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் கணவன் பாடுவதாக இது அமைந்துள்ளது. இனிய மெட்டைக் கேட்கும் பார்வையாளர், அடுத்து நிகழவிருப்பதை எண்ணி அஞ்சுகின்றனர். பாடல் காட்சி கதையை நிறுத்தாமல் முன்நகர்த்த முடியும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

வாலி (1931-2013): இயற்பெயர் டி. எஸ். ரங்கராஜன். திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். திருச்சி வானொலிக்கு எழுதியபின் 1950களின் இறுதியில் திரைத்துறையில் நுழைந்தார். 'கற்பகம்' (1963), 'படகோட்டி' (1964) படங்களின் பாடல்கள் இவருக்குப் புகழ் தேடித்தந்தன. எம். எஸ். விஸ்வநாதன் முதல் ஏ. ஆர். ரகுமான் வரை பல தலைமுறை இசையமைப்பாளர்களுக்கு எழுதினார். 2007 இல் பத்மசிறீ விருது பெற்றார்.

ஆக்கமுறை

முதலில் இயக்குநர் பாடலுக்குரிய சூழலை விளக்குவார். பெரும்பாலும் இசையமைப்பாளர் மெட்டை முதலில் அமைக்க, அதற்கேற்பப் பாடலாசிரியர் சொற்களை எழுதுவார். சில வேளைகளில் பாடல் முதலிலும் மெட்டு பின்னரும் அமையும். பல்லவியையும் சரணங்களையும் இடையிசை இணைக்கும். இடையிசையில் சொற்கள் இல்லாததால், நடன இயக்குநர் தம் கற்பனையை அங்கேயே பெரிதும் காட்ட இயலும்.

படப்பிடிப்பில், பதிவான பாடல் ஒலிபெருக்கியில் ஒலிக்க, நடிகர்கள் அதற்கேற்ப வாயசைப்பர். ஒளிப்படக்கருவி நொடிக்கு 24 சட்டங்கள் பதிவுசெய்யும்போது, பாடலை ஒலிக்கும் கருவியும் மாறாத வேகத்தில் இயங்க வேண்டும். இல்லையேல் உதட்டசைவு பாடலுடன் பொருந்தாது. பாடல் சிறுசிறு துண்டுகளாகப் படமாக்கப்பட்டுப் படத்தொகுப்பில் இணைக்கப்படுகிறது. ஒரே சரணத்தில் ஆடையும் இடமும் பலமுறை மாறுவது இதனால்தான் இயலுகிறது.

திறனாய்வு

பாடல் காட்சிகள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு ஆகும். எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடல்களே இன்றி வெளிவந்தது. பின்னர் 'வீடு' (1988), 'குருதிப்புனல்' (1995), 'கைதி' (2019) ஆகியனவும் அவ்வாறே அமைந்தன. கதையோடு தொடர்பில்லாத கவர்ச்சி நடனங்கள் பெண்களைக் காட்சிப் பொருளாக்குகின்றன என்ற கண்டனமும் உண்டு.

உரிமையும் ஆவணமும்

ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிடில், திரைப்படத்துக்கென எழுதப்படும் பாடலின் உரிமை தயாரிப்பாளருக்கே உரியது என 1977 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால், பல்லாண்டுகள் ஒலிபரப்பாகும் பாடலுக்கும் அதை ஆக்கியோர் ஒருமுறை பெற்ற ஊதியத்துடன் நிற்க நேர்ந்தது. 2012 ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், திரையரங்கத் திரையிடல் தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டு என்றும், அப்பங்கை அவர்கள் விட்டுக்கொடுக்க இயலாது என்றும் வகுத்தது.

'காளிதாஸ்' உள்ளிட்ட தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் படச்சுருள்கள் கிடைக்கவில்லை. அத்தகைய படங்களை அறிய, திரையரங்குகளில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பெரிதும் உதவுகின்றன. பாடல்களுடன் கதைச் சுருக்கத்தையும் கலைஞர் பெயர்களையும் தாங்கிய இச்சிறு நூல்கள் பாதுகாக்கப்பட வேண்டிய வரலாற்று ஆவணங்கள் ஆகும்.

இவற்றையும் பார்க்க

எம். கே. தியாகராஜ பாகவதர்
வாலி (கவிஞர்)
பின்னணிப் பாடகர்
அரையர் சேவை