மின் இலக்கில் சேராத சிவசமுத்திரம்: மாநிலங்களின் கணக்கு என்ன?

கொள்ளேகால்: காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் 1902-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் உற்பத்தியாகிறது. கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கிய அந்த நிலையத்தின் திறன் 42 மெகாவாட். ஆயினும், 2022-ஆம் ஆண்டுக்குள் 175 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் என்ற மத்திய அரசின் இலக்கில் அதற்கு இடமில்லை.

நீர்மின் நிலையங்களில் 25 மெகாவாட் வரையிலானவை மட்டுமே அந்த இலக்கில் கணக்கிடப்பட்டன. பெரிய நிலையங்களுக்கும் புதுப்பிக்கத்தக்கவை என்ற தகுதி 2019 மார்ச்சில்தான் கிடைத்தது. எதை எண்ணுவது என்பதும் இலக்கின் ஒரு பகுதியே.

கர்நாடகத்தின் பங்கு 14,817 மெகாவாட். இதில் காற்றாலைக்கு 6,200, சூரிய சக்திக்கு 5,697. எஞ்சியவை உயிரிப்பொருளுக்கும் சிறு நீர்மின்னுக்கும். நாடு சுமார் 120 ஜிகாவாட்டுடன் நின்றபோது, கர்நாடகம் தன் பங்கைக் கடந்துவிட்டது.

எனினும், நிறுவப்பட்ட திறன் வேறு, தேவைப்படும் நேரத்தில் கிடைக்கும் மின்சாரம் வேறு. 2,050 மெகாவாட் திறனுள்ள பாவகடா சூரிய மின் பூங்கா மாலையில் ஓய்ந்துவிடும். 2023-இல் மழை பொய்த்தபோது, இலக்கை வென்ற இதே மாநிலத்தில் பாசன பம்புசெட்டுகளுக்கான மின்விநியோக நேரம் குறைக்கப்பட்டது. விவசாயிகள் வீதிக்கு வந்தனர்.

மாநிலத்தின் 2022-27 கொள்கை மேலும் 10 ஜிகாவாட் சேர்க்க முனைகிறது. கூரை மேல் சூரிய மின்சாரம் ஒரு ஜிகாவாட் வரை இதில் அடங்கும். சேமிப்பு வசதி உள்ள திட்டங்களும் இல்லாத திட்டங்களும் ஒரே இலக்கில் எண்ணப்படுகின்றன. மாலை நேரத்துக்கெனத் தனி இலக்கு வைத்திருந்தால், விவசாயிக்கு அது கூடுதல் உறுதியாக இருந்திருக்கும்.