பெரியப்பாவும் ரெண்டு அம்புக்குறியும்

போன மாசம் எங்க ஃபேமிலி குரூப்ல பெரியப்பா ஒரு மெசேஜ் போட்டாரு. ஏரியாவுல பிள்ளை பிடிக்கிறவங்க சுத்துறாங்களாம். நான் அங்கேயே "இது பொய், பெரியப்பா"ன்னு எழுதிட்டேன். அவர் குரூப்பை விட்டே போயிட்டாரு. அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

கண்டுக்காம விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயசான அம்மா வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. இதே வதந்தியை நம்பின கூட்டம் அவங்களை அடிச்சே கொன்னுடுச்சு. அந்த ஜூலையிலதான், இந்தியாவுல ஒரு தடவைக்கு 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் அறிவிச்சுது. 2020 ஏப்ரல்ல இன்னும் இறுக்கினாங்க: ரெண்டு அம்புக்குறி விழுந்த மெசேஜ்னா ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட்தான். ஆனா டெக்ஸ்டை காப்பி பண்ணி ஒட்டினா அம்புக்குறியே இருக்காது. (எங்க சித்தப்பா இதுல கில்லாடி.)

அப்புறம் பெரியப்பாவுக்கு போன் பண்ணேன். பத்து நிமிஷம் சுகர், முட்டி வலி. மெதுவா விஷயத்துக்கு வந்தேன். "அனுப்பினது என்கூட வாக்கிங் வர்ற சார்டா, அவரு பொய் சொல்லுவாரா?"ன்னாரு. அவர் வாட்ஸ்அப்பை நம்பல, அந்த சாரை நம்பியிருக்காரு. நான் எல்லார் முன்னாடியும் பொய்னு சொன்னது அந்த நட்பை.

குரூப்ல இன்னும் சேரல. ஆனா நேத்து ஒரு மெசேஜை எனக்கு மட்டும் தனியா அனுப்பி, "இது நிஜமாடா?"ன்னு கேட்டாரு.