புள்ளிவிவரம் படமாகும்போது
(இளம் அறிவியல், புள்ளியியல், இரண்டாம் ஆண்டு)

எண்கள் என்றாலே நம்மில் பலருக்குக் கசப்பு. தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டுமே அவற்றோடு உறவு கொண்டாடுகிறோம். ஆனால் அதே எண்களைப் படமாக வரைந்து கண்முன் வைத்தால் அவை பேசத் தொடங்கிவிடுகின்றன. வகுப்பில் மதிப்பெண்ணுக்காக நாம் வரையும் கோட்டுப் படமும் பட்டைப் படமும் அன்றாட வாழ்வில் எங்கெங்கே பயன்படுகின்றன என்பதை நம் சென்னையைக் கொண்டே காண்போம்.

இக்கலை பழையது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இலேயே இங்கிலாந்தின் வாணிகக் கணக்குகளைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தார். குறிகள் பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே மொய்த்தன. காலரா நீரில் வருகிறது என்ற அவருடைய வாதத்துக்கு அப்படமே சாட்சியாயிற்று.

நம் ஊரிலும் நீரே முதல் பாடம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. இருப்பு எவ்வளவு என்பதைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. அதைப் பார்ப்பவர் பலர், புரிந்துகொள்பவர் சிலரே. ஏரியில் பாதி உயரத்துக்கு நீர் நிற்கிறது என்றால் பாதி நீர் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஏரி மேலே செல்லச் செல்ல அகன்று விரிவது. அடியில் உள்ள ஓர் அடி நீரும் மேலே உள்ள ஓர் அடி நீரும் சமமல்ல. ஆகவே உயரத்தை விட்டுக் கன அளவையே வரைய வேண்டும்.

சென்ற விடுமுறையில் அவ்வாறு வரைந்து பார்த்தேன். மாதங்கள் கிடை அச்சில், நீரளவு செங்குத்து அச்சில், ஆண்டுக்கு ஒரு வண்ணம். நல்ல ஆண்டில் ஐப்பசி மழையோடு ஏறத் தொடங்கும் கோடு மார்கழியில் உச்சி தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். 2015-இன் கோடு சுவர் போல் எழுந்து நின்றது. வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2018-இலோ, ஏற வேண்டிய மாதங்களில் கோடு ஏறவே இல்லை. 2019 ஜூனில் அது அடி அச்சின் மேலேயே படுத்துவிட்டது. இருப்பு நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் நீர் வந்து சேர்ந்தது ஊரறிந்த செய்தி.

அந்தக் கோடையில் மயிலாப்பூரில் குடத்தோடு லாரிக்காகக் காத்துக் கிடந்தவர்களில் என் தாயாரும் ஒருவர். அவரிடம் தாளைக் காட்டினேன். மில்லியன் கன அடி அவருக்கு விளங்கவில்லை, கோடு விளங்கிவிட்டது. "மார்கழியிலேயே ஏறலையேடா! அப்பவே தெரிஞ்சிருந்தா பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணியிருப்போமே" என்றார். ஆறு மாதம் முன்னதாகவே அந்தக் கோடு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நீர் இல்லாத கதை இது. நீர் மிகுந்த கதை 2015 டிசம்பரில் நடந்தது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியது. கோட்டூர்புரத்துக் குடும்பத்துக்கு இந்த 29,000 என்ன சொல்லும்? எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்பதல்லவா அவர்களின் கேள்வி! அதற்கு விடை நிலப்படத்தில்தான் கிடைக்கும். அந்நாளில் தன்னார்வலர்கள் இணையத்தின் திறந்த நிலப்படத்தில் மூழ்கிய தெருக்களை வண்ணமிட்டுக் காட்டினார்கள். பிறகு, எவ்வளவு மழைக்கு எந்தப் பகுதி மூழ்கும் என்று நிலப்படத்திலேயே முன்கூட்டிக் காட்டும் 'சி-ஃப்ளோஸ்' என்ற அமைப்பு 2019-இல் சென்னைக்கென உருவாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. தன்னார்வலர் வரையும் படத்தில், கைப்பேசி அணைந்துபோன தெருவும் நீர் ஏறாத தெருவும் ஒன்று போலவே வெறுமையாகத் தெரியும். ஆற்றங்கரைக் குடிசைகளுக்காக யார் குறியிட்டார்கள் என்று கேட்காமல் அப்படத்தை நம்பிப் படகு அனுப்பினால், படகு தவறான தெருவுக்கே போகும். அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் வரைந்து சிறு ஏற்றத்தை மலையாக்கும் தந்திரமும் விளம்பரங்களில் உண்டு.

தியாகராய நகர் வணிகருக்கு இந்தக் கலை புதிதல்ல. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் அவர் மனத்தில் ஏற்கெனவே வரைந்த உச்சிகள். விற்பனையை மணி வாரியாகவும் வரைந்தால், மாலை எத்தனை மணிக்கு எந்தப் பிரிவில் கூடுதல் ஆள் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அருகிலுள்ள மாம்பலம் நிலையத்தில் நிற்கும் மின்தொடர் வண்டிக்குப் பின்னாலும் ஒரு வரைபடம் உண்டு. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் நேரம் ஓர் அச்சு, நிலையங்கள் மற்றோர் அச்சு. வண்டி ஒவ்வொன்றும் ஒரு சாய்கோடு. சாய்வு கூடினால் வேகம் அதிகம். கோடு கிடையாகப் படுத்தால் வண்டி நின்றுவிட்டது. முன்பு பென்சிலால் வரைந்ததை இப்போது கணிப்பொறி வரைகிறது.

நம் துறையின் அறிவிப்புப் பலகையில் வலப்புறம் பாதி காலியாகவே கிடக்கிறது. ஒரு வரைபடத் தாளும் நான்கு வண்ணப் பென்சில்களும் போதும். வாரியத்தின் கணக்கைப் பார்த்துத் திங்கள்தோறும் ஒரு புள்ளி வைக்க நான் ஆயத்தம். விடுமுறை வாரங்களுக்கு மட்டும் மயிலாப்பூர்ப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் துணை வேண்டும்.