ஆறு மில்லிமீற்றர்ப் படை

மேசையில் மலையும் காடும் இடிந்த கட்டடங்களும் செய்து வைத்து, சின்னஞ்சிறு வீரர்களை இரு அணியாக நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வி காணும் போர் ஆட்டத்துக்கு மேற்கு நாடுகளில் இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதன் அறிவியல் புனைகதைக் கிளையில் மிகப் புகழ்பெற்றது, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷொப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’. ரிக் பிரீஸ்ட்லி எழுதிய அதன் முதல் விதிநூலை வைத்து அன்று ஆடிய சிறுவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டார்கள். அந்தப் பழைய ஆட்டத்தை மறுபடி மேசைக்குக் கொண்டுவரும் ஆசை அவர்களிடையே பரவலாக இருக்கிறது. அவர்களில் ஒரு பகுதியினர் அன்றைய 28 மில்லிமீற்றர் வீரர்களை விட்டுவிட்டு, ஆறு மில்லிமீற்றர் உயரமே உள்ள வீரர்களைக் கொண்டு அதே போரை ஆடுகிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது வசதிக்காகச் செய்துகொண்ட சமரசமாகத் தோன்றலாம். என் கருத்து வேறு. உருவத்தைச் சுருக்கும்போதுதான் அந்தப் பழைய ஆட்டம் தான் சொல்ல விரும்பிய போரை முதன்முறையாகச் சரியாகச் சொல்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் இந்தக் கலை காலூன்ற வேண்டுமானால் அதற்கும் இதுவே வழி.

கணக்கிலிருந்து தொடங்கலாம். 28 மில்லிமீற்றர் வீரன் உண்மை மனிதனின் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. ஆறு மில்லிமீற்றர் வீரன் முந்நூற்றில் ஒரு பங்கு. பழைய விதிநூலில் சாதாரணப் படைவீரனின் துப்பாக்கி 24 அங்குலம் சுடும். பெரிய உருவங்களின் அளவில் அது 37 மீற்றர் தூரம்கூட இல்லை. விண்மீன்களுக்கிடையே பறக்கும் எதிர்காலப் படையின் ஆயுதம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் மறுகரையை எட்டாது! அதே 24 அங்குலம் ஆறு மில்லிமீற்றர் அளவில் 180 மீற்றரைத் தாண்டுகிறது. நிலத்துக்கும் இதே கணக்குத்தான். மட்டக்களப்பு நகரத்தையும் கல்லடியையும் இணைக்கும் பாலத்தின் நீளம் 300 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு அகலமான நீர்ப்பரப்பைப் பெரிய உருவங்களுக்கு ஏற்ப அமைக்க ஐந்து மீற்றர் மேசை வேண்டும். சிறிய உருவங்களுக்கு ஒரு மீற்றர் போதும். இரு கரையிலும் கண்டல் காட்டுக்கும் வயல்வெளிக்கும் தோணித்துறைக்கும் இடம் மிஞ்சும். வாவி, கழிமுகம், மணல்திட்டு என்று நீரும் நிலமும் பின்னிக் கிடக்கும் ஒரு கற்பனைக் கிரகத்தை ஆட விரும்புகிறவருக்கு, பெரிய அளவு கதவையே அடைத்துவிடுகிறது.

செலவும் இதே திசையில்தான் போகிறது. உயரம் நாலரை மடங்குக்கு மேல் குறையும்போது கனஅளவு ஏறத்தாழ நூறில் ஒன்றாகிறது. ஒரு பெரிய வீரனுக்கு வேண்டிய உலோகத்தில் நூறு சிறிய வீரர்களை வார்க்கலாம். வார்ப்பு, வடிவமைப்பு, தபால் செலவுகளால் விலை அதே விகிதத்தில் இறங்குவதில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு முழுப் படையின் பெறுமதி, பெரிய அளவில் ஒரு சிறு குழுவின் பெறுமதிக்கு அருகே வந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் டொலர் விலையும் சுங்கவரியும் கணக்கிடும் நாட்டில் இது அற்ப விடயமல்ல.

சுருக்குவது ஆட்டத்தைக் கெடுக்கும் என்பவர்களுக்கு அதன் வரலாறே பதில் சொல்லும். 1812இல் பிரஷ்ய மன்னருக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் செய்து கொடுத்த போர் ஆட்டம், அரண்மனையில் வைக்கும் பெரிய மேசை. பார்த்தவர்கள் வியந்தார்கள், அவ்வளவுதான். அவருடைய மகன் 1824இல் அதை 1:8000 அளவுள்ள காகித வரைபடத்துக்கும் சிறு கட்டைகளுக்கும் குறுக்கினார். அதன் பிறகே அது பிரஷ்யப் படையணிகளுக்குள் பரவியது. வார்ஹாமர் உலகத்திலும் சிறு அளவு புதிதல்ல. 1988இல் வந்த ‘அடெப்டஸ் டைட்டானிகஸ்’, 1989இல் வந்த ‘ஸ்பேஸ் மரீன்’ இரண்டும் சிறிய உருவங்களால் ஆன ஆட்டங்களே. நிறுவனம் அந்த வரிசையைக் கைவிட்ட பிறகும் ஆட்டக்காரர்களே விதிகளைத் திருத்தி, ஒருவருக்கொருவர் பகிர்ந்து, அதை உயிரோடு வைத்திருந்தார்கள். பின்னர் நிறுவனமே 2018இலும் 2023இலும் எட்டு மில்லிமீற்றர் அளவில் அந்த உலகத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

‘ஓகர்’ என்ற ஆட்டத்தின் கதை இன்னும் தெளிவானது. 1977இல் ஸ்டீவ் ஜாக்சன் உருவாக்கிய அதில், மனிதர் இல்லாமல் தானே சிந்தித்து இயங்கும் ஒரே ஒரு இராட்சத டாங்கியைப் பல சிறு படைப்பிரிவுகள் சேர்ந்து தடுக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டம் அறிந்த எவருக்கும் இதன் உயிர்நாடி உடனே பிடிபடும்: ஒரு பக்கம் வலிமை, மறு பக்கம் எண்ணிக்கை. காகித வரைபடமும் காகிதச் சில்லுகளும் கொண்ட அந்த ஆட்டம் 2.95 டொலருக்கு விற்றது. 2012இல் பழைய ரசிகர்கள் தந்த நிதியால் அதன் மாபெரும் பதிப்பு பின்னர் உருவானது. பெட்டியின் எடை மட்டும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். அந்தப் பெட்டி அழகானதுதான். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் அதே 2.95 டொலர் விலைக்குச் சிறு பதிப்பும் திரும்ப வந்தது. விதிகளும் எண்ணங்களும் அப்படியே இருக்க, காகிதச் சில்லு என்ன குறை வைத்தது? நினைவைப் பெரிதாக்கி அலமாரியில் வைக்கலாம். ஆட வேண்டுமானால் கைக்கு எட்டும் அளவில் அது இருக்க வேண்டும்.

எதிர்ப்பவர்களின் வாதத்திலும் பொருள் இருக்கிறது. சிறுவயதில் வீரனின் முகத்துக்கும் கவசத்துக்கும் இரவெல்லாம் வண்ணம் தீட்டியவருக்கு, ஆறு மில்லிமீற்றர்ப் புள்ளி அந்த இன்பத்தைத் தராது என்கிறார்கள். அது சரியே. தனி வீரனின் கதையை ஆட விரும்பும் நால்வர் ஐவர் மோதலுக்குப் பெரிய உருவமே பொருத்தம். ஆனால் படை மோதலில் ஆடுபவர் நிற்கும் இடம் சேனாதிபதியின் இடம். மேசையிலிருந்து தொண்ணூறு சென்ரிமீற்றர் தள்ளி நிற்பவர், சிறிய அளவில் 270 மீற்றர் தொலைவிலிருந்து களத்தைப் பார்க்கிறார். அவ்வளவு தூரத்தில் எந்த வீரனின் முகமும் யாருக்கும் தெரியாது. அணியும் அதன் நகர்வும்தான் தெரியும். வண்ணம் தீட்டும் கலையும் அழிவதில்லை. நுணுக்கத்தை விட்டு, தூரத்தில் துலங்கும் நிறமாறுபாட்டை நாடுகிறது.

இதைவிடப் பாரமான கேள்வி ஒன்று உண்டு. மூன்று பத்தாண்டுப் போரில் ஒவ்வொரு ஊரும் இழந்தவர்களின் பெயர்களைச் சுமக்கும் மட்டக்களப்பில், போரை விளையாட்டாக்கலாமா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எவரும் பேசக்கூடாது. அண்மைக்காலப் போரின் படைகளையும் ஊர்களையும் மேசைக்குக் கொண்டுவருவது தவறு என்றே நான் கருதுகிறேன். கற்பனைக் கிரகம் இங்கே வெறும் அலங்காரமல்ல. அதுதான் தேவையான விலகலைத் தருகிறது. மோதலை விதிக்குள் அடக்கி ஆடும் மரபும் இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, கொளுவிய கொம்புகளை ஒன்று முறியும்வரை இழுக்கும், பின்பு ஒன்றாகும். அறிவியல் புனைகதையின் முன்னோடி எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற பொம்மைப் போர் விதிநூலை எழுதியபோது, உண்மைப் போரின் மூடத்தனத்தை அதிலேயே கண்டித்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. விளையாட்டு போரைத் தடுத்துவிடும் என்று இதனால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கட்டளையின் விலை எத்தனை அணிகள் என்று சிந்திக்க அது பழக்கும். வெற்றிக்கான இலக்காக எதிரியை அழிப்பதை வைக்காமல், நீர் ஏறும் தீவிலிருந்து மக்களை மறுகரை சேர்ப்பதை வைக்கலாம். அப்படி விதி எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆகவே வாவிக்கரையின் ஆசிரியர்களுக்கும் நூலகங்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ஆட்டத்துக்கு எந்தப் பொம்மையையும் விலைகொடுத்து வாங்காதீர்கள். தடித்த அட்டையில் சில்லுகள் வெட்டி, ஒரு மீற்றர் துணியில் வாவி வரைந்து, இரண்டு பகடையோடு தொடங்குங்கள். விதிகளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாசித்து விளங்கும் தமிழில் நீங்களே எழுதுங்கள். உருவங்கள் பிறகு வரட்டும்.