பட்ட மரத்து விருந்தாளி

நாகபுரியில் நாங்கள் வசிக்கும் ரயில்வே குடியிருப்பின் கொல்லையில் முதிய மாமரம் ஒன்று உண்டு. அதன் ஒரு பாதி பட்டுப்போயிற்று. மழைக்காலத்துக்கு முன் மரத்தை அடியோடு வெட்டித் தருமாறு விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தோம். அதனை அனுப்பவிடாமல் தடுத்தது ஒரு மரங்கொத்தி.

பொன்னிற முதுகும் செந்நிறக் கொண்டையும் உடைய அப்பறவையை இங்குள்ள மராத்தியர் ‘சுதார் பட்சி’, அதாவது தச்சர் பறவை, என்பர். அதனை அருகில் காணும் ஆவலால் தட்டில் கம்பும் அரிசியும் வைத்தோம். மைனாவும் அணிலும் வந்து உண்டன. மரங்கொத்தியோ தட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எறும்புகளும் மரத்தைக் குடையும் வண்டுகளின் புழுக்களுமே அதற்கு முக்கிய உணவு. நாங்கள் விறகென எண்ணிய பட்ட கிளையே அதன் அன்னசத்திரம்!

முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த கால்விரல்களால் பட்டையைப் பற்றி, விறைத்த வாலை ஊன்றுகோலாக்கி அது செங்குத்தாக ஏறுகிறது. அலகால் தட்டித் துளைத்து, நீண்ட பசையுள்ள நாவினால் இரையை வெளியே இழுக்கிறது.

அதனைப் படம் பிடிப்பது எளிதன்று. ஆள் நிழல் கண்டதும் மரத்தின் மறுபுறம் நழுவிவிடும். எங்கள் மகள் கைப்பேசியில் முதலில் எடுத்த படங்களில் வால் மட்டுமே விழுந்தது. பின்னர், காலை வெயில் மரத்தில் படும் வேளையில், சன்னலுக்குள் அசையாமல் அமர்ந்திருக்கப் பழகினாள். ஒரு நாள் முழு உருவமும் கிட்டிற்று. நெற்றியில் கருமையும் வெண்புள்ளிகளும், பின்னே மட்டும் சிவப்பும் இருந்தன; ஆதலின் அது பெண் பறவை எனத் தெளிந்தோம். ஆணுக்கு உச்சி முழுவதும் சிவந்திருக்கும். கூடு கட்டும் பருவத்தில் பொந்தை நெருங்கிப் படமெடுப்பதில்லை என்றும் உறுதி பூண்டோம்.

பழைய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளையை மட்டும் வெட்டக் கோரினோம். அவ்வாறே ஆயிற்று. அடிமரம் நிற்கிறது. மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தில் இவ்வாண்டு மைனா இணையொன்று குடியேறியது.

மாற்றல் உத்தரவு வந்தால் நாங்களும் இவ்வீட்டை மற்றொரு குடும்பத்துக்கு விட்டுச் செல்ல வேண்டியவர்களே. அன்பர்களே, உங்கள் கொல்லையில் பட்ட மரம் இருப்பின், அதனால் எவருக்கும் ஆபத்தில்லையெனில், கோடரியை எடுக்குமுன் சில நாள் காலையில் அதனை உற்றுப் பாருங்கள்.