தைரொய்ட் ரிப்போட்டில் ஓர் எண் பிசகினால்

டயகமவிலிருந்து தலவாக்கலைக்கோ ஹட்டனுக்கோ பஸ் ஏறி இரத்தம் கொடுத்துவிட்டு வருவதற்குள் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடுகிறது. ரிப்போட்டைக் கிளினிக்கில் காட்ட இன்னொரு நாள் பேரை இழக்க மனம் வருவதில்லை. ரி.எஸ்.எச். என்ற வரிக்கு எதிரே எண் கூடியிருக்கும். அந்தத் தாள் போனில் படமாகி, கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்குப் போகும். இல்லையென்றால் பக்கத்து லயத்து அக்கா, "எனக்கும் இதேதான்" என்று தன் மாத்திரையில் பத்தை எண்ணிக் கொடுப்பார்.

பிந்தி வரும் தைரொய்ட் நோயாளிகளின் கதைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

குளிருக்குள் ஒளியும் நோய்

தைரொய்ட் சுரப்பு குறைந்தவருக்குக் குளிர் தாங்காது, உடல் சோரும், மலம் இறுகும், மாதவிடாய் கூடுதலாகப் போகும், குரல் தடிக்கும். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கும் டயகமவில் யாருக்குத்தான் குளிரவில்லை? நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர் சோர்வைச் சோர்வென்றே எடுத்துக்கொள்வார். முகம் வீங்கி, முடி கொட்டி, கை வேகம் குறைந்து, கொழுந்து நிறை எட்டாமல் பேச்சு வாங்கிய பிறகுதான் நோயென்று தோன்றுகிறது. வேலையில் மந்தம் என்று பழி கேட்ட ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஓர் இரத்தப் பரிசோதனை மட்டுமாக இருந்திருக்கலாம்.

தாளில் இருப்பது என்ன?

ரி.எஸ்.எச். என்பது மூளையடியில் இருந்து வரும் கட்டளை. சுரப்பி சோம்பினால் கட்டளை உரக்க ஒலிக்கும், எண் ஏறும். சுரப்பி மிஞ்சி வேலை செய்தால் எண் இறங்கும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை வழமை என்பார்கள். ஆனாலும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை மாறும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எல்லை கீழிறங்கும், முதுமையில் சற்று மேலேறும்.

ரி.எஸ்.எச். 6 அல்லது 7 என்று வந்து, சுரப்பி தரும் ஹோமோனாகிய ரி4 சரியாக இருந்தால் அதை உடனே ஆயுள் நோயாக முடிவு கட்டக்கூடாது. கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் எண் தற்காலிகமாக ஏறும். கர்ப்பிணி அல்லாதவருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. 10ஐத் தாண்டி நின்றால் பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். தலைமுடிக்கென்று பயோட்டின் மாத்திரை விழுங்குபவர் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். அது சில ஆய்வு முறைகளில் எண்களைப் பொய்யாக்கிவிடும்.

கோவாவும் உப்பும்

"கோவா சாப்பிட்டால் தைரொய்ட் வரும்" என்ற பயம் நுவரெலியா மாவட்டத்தில் பரவியிருப்பது வேதனை. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே விளையும், ஏழைக்கு எட்டும் மரக்கறி அது. சமைத்த கோவா அளவோடு சாப்பிட்டால் எந்தக் கெடுதலும் இல்லை.

உப்பின் கதை வேறு. இலங்கையின் 17 மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வு, 18.8 சதவீதத்தினருக்குக் கழுத்துக் கழலை இருந்ததைக் காட்டியது. 1995 முதல் நாடு முழுவதும் அயடீன் சேர்த்த உப்பு வந்தது. அயடீன் குறைவு விலகியதும் இன்னொன்று தென்பட்டது. 2000இல் வெளியான ஆய்வொன்று, 11 முதல் 16 வயது மாணவிகளின் இரத்தத்தில் உடல் தன் தைரொய்டுக்கே எதிராக உண்டாக்கும் தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் வயதுக்கேற்ப 14.3 முதல் 69.7 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. ஆனால் அத்தனை பிள்ளைகளும் நோயாளிகளாகிவிடவில்லை, பின்னர் அந்த அளவும் இறங்கியது. ஆகவே, எதிர்ப்பொருள் இருப்பதாக ரிப்போட் வந்தால் கண்காணிப்பு தேவை. அழுது புலம்பத் தேவையில்லை. அதற்காக உப்பை மாற்றவும் வேண்டாம். கல்லுப்பைக் கழுவிப் போடுவதையும், அடுப்போரம் திறந்து வைப்பதையும் மட்டும் விடுங்கள், அயடீன் போய்விடும்.

கழுத்து வீக்கத்துக்குப் பச்சிலை அரைத்துப் பற்றுப் போடுவதும், கயிறு மந்திரித்துக் கட்டுவதும் இன்னும் நிற்கவில்லை. கட்டி வளர வளர மாதங்கள்தான் போகின்றன.

தேத்தண்ணியும் மாத்திரையும்

காலையில் தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறவர்கள் ஏராளம். சுரப்பு குறைந்தவருக்குக் கொடுக்கும் தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடவேண்டியது. இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்து, "ஒன்றும் ஆகவில்லையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். ஆகாததுபோலத் தெரிவது அதனால்தான். கிளினிக் தேதிக்கு முன் இரண்டு நாள் மட்டும் விழுங்கிவிட்டு வருவதிலும் பயனில்லை. ரி4 சரியாகக் காட்டும், ரி.எஸ்.எச். ஏறியே நிற்கும். அதை நம்பி மருத்துவர் அளவைக் கூட்டினால், பாதிப்பு நோயாளிக்குத்தான். மாத்திரை தவறியிருந்தால் தவறியது என்று சொல்லுங்கள். யாரும் தண்டிக்கப் போவதில்லை.

அடுத்தவர் மாத்திரையை எடுக்கவே கூடாது. உங்களுக்குச் சுரப்பு மிஞ்சியிருந்தால் தைரொக்சின் இதயத்தைப் பதறவைக்கும். மிஞ்சிய சுரப்புக்குக் கொடுக்கும் காபிமசோலோ வேறு ஆபத்து கொண்டது. அதைக் குடிக்கும் ஒருவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால், அரிதாக வெள்ளணுக்கள் சரிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். பனடோலோடு லயத்தில் படுத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்க்கவேண்டும்.

ஒரு வேண்டுகோள்

தைரொக்சின் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால், அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்கக்கூடாது. முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை தாயின் சுரப்பை நம்பித்தான் வளர்கிறது. மருந்தின் அளவை அநேகமாகக் கூட்டவேண்டி வரும். "வயிற்றில் பிள்ளை, மருந்து வேண்டாம்" என்று மாமியார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த வாரமே உங்கள் டிவிஷன் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், பழைய ரிப்போட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.