பழைய முத்துமாலைக்கு என்ன விலை?

பேராவூரணியில் எங்களுக்குத் தெரிந்த தென்னை விவசாயக் குடும்பம் ஒன்று சென்ற ஆண்டு ஒரு முத்துமாலையை விற்க முன்வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தோப்பைச் சாய்த்தபோதே அவர்களுடைய தங்க நகைகள் அடகுக்குப் போய்விட்டன. மாலை மட்டும் எஞ்சியதற்குக் காரணம், அதை யாரும் அடகு பிடிக்காததுதான். நகைக்கடனுக்கு எடை போடும்போது கல்லையும் முத்தையும் கழித்துவிடுகிறார்கள். அந்த மாலையில் தங்கம் என்று இருந்தது சிறு கொக்கி மட்டுமே.

“பாட்டி காலத்துத் தூத்துக்குடி முத்து, கடலில் குளித்து எடுத்தது” என்றார்கள். மகளின் திருமணத்துக்கு அதை வாங்கிக்கொள்ள என் அக்கா விரும்பினார். ஆனால், என்ன விலை சொல்வது என்று விற்பவருக்கும் தெரியவில்லை, வாங்குபவருக்கும் தெரியவில்லை. பழைய முத்தை வாங்க நினைக்கும் எவருக்கும் நேரக்கூடிய சிக்கல் இது.

முத்து என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. சிப்பிக்குள் தற்செயலாக விளைவது இயற்கை முத்து. மனிதர் சிப்பிக்குள் ஒரு மணியையோ திசுத் துண்டையோ வைத்து விளைவிப்பது வளர்ப்பு முத்து. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணிக்குப் பூச்சு கொடுத்தது போலி. வளர்ப்பு முத்து போலி அன்று. அதுவும் சிப்பி உருவாக்கியதே. ஆனால், இயற்கை முத்துக்கும் அதற்கும் விலையில் பெரும் இடைவெளி உண்டு.

இங்கே வரலாறு உதவுகிறது. கொற்கைக் காலம்தொட்டுப் புகழ்பெற்ற மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-இல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது 1973-இல். ஜப்பானிய வளர்ப்பு முத்துகளோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. ஆகவே, ‘பழையது’ என்பதனாலேயே ஒரு முத்து இயற்கை முத்தாகிவிடாது. ஒரே அளவில், ஒரே நிறத்தில், நன்கு உருண்ட இயற்கை முத்துகள் ஒரு மாலைக்குப் போதுமான எண்ணிக்கையில் சேர்வது மிக அரிது. சீரான மாலையைக் கண்டால் மகிழ்ச்சிக்கு முன் ஐயம் வரவேண்டும்.

வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்யலாம். கடையின் மஞ்சள் விளக்கில் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முன்பல்லின் நுனியில் மெல்ல உரசினால் உண்மை முத்து நெருநெருக்கும். போலி பெரும்பாலும் வழுக்கும். துளையின் விளிம்பில் பூச்சு உரிந்திருந்தால் அது போலி. முத்து பெரும்பாலும் சுண்ணப் பொருளால் ஆனது. வியர்வையும் வாசனைத் திரவியமும் அதை அரிக்கும். மங்கிய ஒளியை எந்த மெருகும் முழுதாக மீட்டுத் தராது. சரடு நைந்திருந்தால் புதிதாகக் கோக்கும் கூலியை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

இயற்கையா, வளர்ப்பா என்ற கேள்விக்கு மட்டும் கண்ணும் பல்லும் போதா. எக்ஸ்-கதிர்ப் படத்தில் முத்தின் உள்ளமைப்பைப் பார்க்கும் ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள்தான் உறுதி சொல்ல முடியும். இயற்கை முத்துக்குரிய விலையைக் கேட்பவரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தஞ்சாவூரில் பழக்கமான பத்தர் ஒருவர் சரட்டை அவிழ்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் துளைகளைக் காட்டினார். உள்ளிருந்த மணிக்கும் மேற்படலத்துக்கும் இடையே ஒரு கரிய கோடு தெரிந்தது. அவை வளர்ப்பு முத்துகள். அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. தாங்கள் கேட்டதை நம்பியிருந்தார்கள். அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தபோது, இந்த உண்மை தெரியாமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால், தெரியாமல் வாங்கியிருந்தால் அதே வாட்டம் ஒருநாள் என் அக்கா மகளுக்கு வந்திருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் காலக் கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த நகைகளில் இருந்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, கறடு, இரட்டை என்று இனம் பிரித்து, எண்ணிக்கையும் எடையும் குறித்திருக்கின்றன. குறையுள்ள முத்தும் அதன் பெயராலேயே பதிவாகியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் கல்லில் எழுதிய விவரத்தை, இன்று ஒரு துண்டுச் சீட்டில்கூட நாம் எழுதி வாங்குவதில்லை.

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகிவிட்டது. முத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில் கேட்டால் மட்டும் போதாது. அதில் ‘இயற்கை’, ‘வளர்ப்பு’, ‘போலி’ ஆகியவற்றுள் எது என்று எழுதச் சொல்ல வேண்டும். பழைய நகையை விற்கும் கடைகளுக்கு அரசு இதைக் கட்டாயமாக்கலாம்.

அக்கா அந்த மாலையை வாங்கினார். முதலில் பேசிய விலையில் பாதிக்கும் குறைவுதான். ஆனால், வளர்ப்பு முத்துக்கு அது நியாயமான விலை. இரு வீட்டாரும் கையெழுத்திட்ட தாளில் முத்துகளின் எண்ணிக்கை, எடை, ‘வளர்ப்பு முத்து’ என்ற குறிப்பு மூன்றும் உள்ளன. நகைப் பெட்டியில் மாலையோடு அந்தத் தாளும் இருக்கிறது.